மேனேஜர் சாப்பிட்டாரா?

மார்ச் 4
மிருக ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து

மலையைக் குடைந்து மறுபக்கம் பார்க்கப் போயிருக்கும் மாவீராங்கனையும், என் ஒரே அக்காவின் ஒரே மகளுமான மருமகளுக்கு,

நான் இப்போது சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நிச்சயமாக நம்பமாட்டாள். நான் பல் தேய்த்துவிட்டேன் என்று சொன்னாலே பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவள் அவள். கால் உடைந்த நாற்காலியை ராஜா உட்கார்ந்த ஆசனம் என்று ஏலம் விட்டு, அதற்கு இரண்டு பேரை அடித்துக்கொள்ள வைத்த வாய் இது. இந்த வாய்க்கு ஊரில் என்ன மரியாதை என்று எனக்கே தெரியும். ஆனாலும் வலது கையைத் தூக்கி, இடது கையைப் பூனைக்கூடையின் மேல் வைத்து, பூலோகத்தில் ஒரு ஜீவன்கூட நம்பாத கதை ஒன்றைத் தருவதாக மனப்பூர்வமாக வாக்களிக்கிறேன்.

நேற்றுக் காலை, உன் பூனையாகிய மேனேஜர் அவர்கள் (ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருப்பதற்காக நீயே சூட்டிய பட்டம்) வழக்கம்போல் என் கையால் இன்சுலின் ஊசி பெற்றுக்கொண்டு வாஷிங் மிஷின் மேல் ஏறினார். நான் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அங்கிருந்து விழுந்தார். எப்படி விழுந்தார் என்கிறாய்? கட்டிடமே ஆடியது. மாடி வீட்டுக்காரர் பூகம்பம் என்று சட்டை போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். மேனேஜரோ தரையில் படுத்த நிலையிலேயே நாலு காலாலும் ஓட ஆரம்பித்தார். அந்த வேகத்தில் எழுந்து ஓடியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு உன் குகைக்கே வந்து சேர்ந்திருப்பார்.

சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவினேன். என் சுட்டுவிரலில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியோடு அழுக்குக்கூடையில் அவரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நூறு பஸ் நின்று வழிவிட்டது. சிக்னல் கம்பம் எழுந்து சல்யூட் அடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தால், மீட்டர் எண்ணே சொல்லமாட்டேன் என்கிறது. சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம்.

இப்போது முன்னங்காலில் டிரிப்ஸ் ஏறுகிறது. மூச்சு விடுகிறார். கண் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. நான் எதற்கு இருக்கிறேன்?

உன்
மாமன்


மார்ச் 6
முகாம்

மாமா,

உங்க கடிதம் சாமான் லாரியில வந்துது. திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். அதுல நூறு பஸ் இருக்கு, சிக்னல் கம்பம் இருக்கு, மாடி வீட்டுக்காரரோட சட்டை இருக்கு. என் பூனை பொழைக்குமா பொழைக்காதான்னு மட்டும் இல்லை.

இங்க செல்போன்ல சிக்னல் கிடையாது. ஆபீஸ்ல ஒரு சாட்டிலைட் போன் இருக்கு, விபத்துக்கு மட்டும். ஓடிப்போய்க் கேட்டேன். "யாருக்கு என்னாச்சு?"ன்னார் முகாம் அதிகாரி. "மேனேஜருக்கு வலிப்பு"ன்னேன். பதறி எழுந்து போனைக் கையிலேயே குடுத்துட்டார். அப்புறம் "எந்த சைட் மேனேஜர்?"னு கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரல. போனைத் திரும்ப வாங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டார். நான் உங்க ரத்தம்தான், ஆனா அந்தத் திறமை மட்டும் எனக்கு வரலை பாருங்க.

கிளம்பியும் வர முடியாது. சுரங்கப்பாதைக்கு மலையை ரெண்டு பக்கமும் குடைஞ்சுட்டு வர்றாங்க, நடுவுல சந்திக்கணும். அளக்கறதுக்கு இருந்த இன்னொருத்தர் கால் முறிஞ்சு கீழ போயிட்டார். நான் இறங்கினா வேலை நின்னுடும். நிக்காம நடந்தா அதைவிட மோசம், ரெண்டு குகையும் ஒண்ணையொண்ணு பாக்காமலே போயிடும்.

இப்ப ஒரே ஒரு கேள்வி. போன கடிதத்துல நீங்க எழுதினது என்கிட்ட இருக்கு: "மேனேஜர் சாப்பிடும் சாப்பாட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நாய் மனமுடைந்து வீடு மாறிவிட்டது." அதை நம்பித்தான் ஊசி அளவு அப்படியே இருக்கட்டும்னு நான் எழுதினேன். வயிறு காலியா இருக்கறப்ப முழு ஊசி போட்டா உயிருக்கே ஆபத்துன்னு ஃப்ரிட்ஜ் கதவுல கொட்டை எழுத்துல ஒட்டிட்டு வந்தேன்.

அன்னிக்குக் காலையில அவன் சாப்பிட்டானா?

கதை வேண்டாம். பதில் வேணும்.

— நான்தான்


மார்ச் 8

மருமகளுக்கு,

முதலில் நற்செய்தி. வலிப்பு நின்றுவிட்டது. டாக்டரம்மா மகா கெட்டிக்காரி. என்னைப் பார்த்ததும், "நீங்கதான் சிக்னல் கம்பமா?" என்றார். வந்த அன்று வரவேற்பு மேஜையில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அந்தக் கதைதான் ஓடுகிறதாம்.

அடுத்தது அவ்வளவு நல்லதல்லாத செய்தி. மேனேஜர் எழுந்து நடக்கிறார், சுவரில் போய் முட்டுகிறார். இவர் இல்லாத சமயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் சுவர்களை நகர்த்திவிட்டார்கள் என்பது அவர் தரப்பு வாதம். மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் கண்பார்வை போயிருக்கிறது என்பது டாக்டரம்மா தரப்பு. திரும்பி வரலாம் என்கிறார். "லாம்" என்று அவர் இழுத்த இழுப்பில் நான் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தேன். கணையத்திலும் வீக்கமாம், குமட்டிக்கொண்டே இருக்குமாம். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புவது அதனால்தானாம்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளிர் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. பெஞ்சும் பரவாயில்லை. ஒரு கிளி சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிளி என்னைவிட அதிகமாகப் பேசியது என்றால் நீ

இதோடு நிறுத்துகிறேன். உன் கேள்வி மேஜையில் திறந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் தெரிகிறது.

சாப்பிடவில்லை.

அன்று மட்டும் இல்லை. நீ போனதிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. உன் பழைய ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தார். ஏக்கம் என்று நினைத்தேன், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மீதியை நானே கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அப்புறம் உட்கார்ந்து உனக்கு நாய் வீடு மாறிய கதையை எழுதுவேன்.

நீ அவரை ஆஸ்பத்திரி விடுதியில் விடுகிறேன் என்றபோது, "ஏன், மாமன் செத்தா போயிட்டேன்?" என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டவன் நான். "மாமா, இது விளையாட்டு இல்ல" என்றாய் நீ. "எனக்கும் சர்க்கரைதான், எங்களுக்குள்ள ஒத்துப்போகும், நீ போ" என்றேன். அப்படிப் பேசிவிட்டு, பூனை சாப்பிடவில்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது?

ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டியதைத் தினமும் பார்த்தேன். சாப்பாட்டு விஷயத்தில்தான் ஏமாற்றுகிறோம், ஊசியையாவது நீ சொன்ன அளவில், நீ சொன்ன நேரத்துக்கு, ஒரு புள்ளி பிசகாமல் போட்டுவிடுவோம் என்று நினைத்தேன். ஆயுசில் ஒரு காரியத்தை மிகைப்படுத்தாமல் செய்தேன் என்றால் அது அந்த ஊசிதான்.

மாமன்


மார்ச் 10

கடிதம் கிடைச்சுது.

திட்டணும்னு உக்காந்தேன், திட்டக்கூட வரலை. அம்மா சின்ன வயசுல சொல்லுவா, "உங்க மாமா பேச்சைக் கேட்டுக் குடையை விட்டுட்டுப் போகாதே"ன்னு. நான் எல்லாத்துக்கும் குடை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். இதுக்கு மட்டும் மறந்துட்டேன்.

என் வேலையில ஒரு விரக்கடை தப்பு வந்தா அன்னிக்கே சொல்லிடணும். மறைச்சா அது அங்கேயே நிக்காது. ஒவ்வொரு நாளும் குடையக் குடைய வளரும். ஒருநாள் பாறையைத் தாண்டி எட்டிப் பாத்தா அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டாங்க. இதை உங்களுக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்.

டாக்டரம்மா எனக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்காங்க. அவனை வீட்டுக்கு அனுப்பறாங்களாம். கழுத்து வழியா வயித்துக்குக் குழாய் வெச்சிருக்காங்க, அது வழியாத்தான் ஆகாரம். பட்டினியா கிடந்ததுல கல்லீரல் கெட்டுட்டு வருது, மஞ்சள் தட்டிடுச்சு. குழாய் வழியா உள்ள போறதை வயிறு ஏத்துக்கணும், குமட்டல் விடணும், அவனா வாய் வெச்சுச் சாப்பிட ஆரம்பிக்கணும். அப்பதான் பொழைப்பான். இல்லைன்னா நாம இழுத்துக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம். அதுக்கு மேல சிகிச்சை இல்லை, வதைதான்.

அவனை எடுத்துட்டு வந்த அன்னிக்கு, உன்னை வதைக்கமாட்டேன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன். சிரிக்காதீங்க. பூனைகிட்ட சொன்னாலும் சொன்னதுதான்.

உள்ள ஒட்டின கவர் ஒண்ணு இருக்கு, டாக்டரம்மாவுக்கு. அவனை ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடுங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவனா சாப்பிடலைன்னா அதைக் கொண்டுபோய்க் குடுங்க.

அவன் சாப்பிட்டானா இல்லையான்னு டாக்டருக்குத் தெரியாது. வீட்டுல அவன் பக்கத்துல உக்காந்திருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்க வார்த்தையை வெச்சுத்தான் எல்லாம். நான் எந்த நிலைமைக்கு வந்துட்டேன் பாருங்க.


மார்ச் 13

மருமகளுக்கு,

கவர் கிடைத்தது. அதைச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். அது அங்கிருந்து என்னையே பார்த்தது. துணிகளுக்கு அடியில் வைத்தேன். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டுகிறது. இப்போது சட்டை மாற்றுவதையே விட்டுவிட்டேன். உன் அம்மா வந்து, "ஏண்டா, பூனைக்குத்தானே உடம்பு சரியில்ல, உன்மேல ஏன் இந்த நாத்தம்?" என்றாள்.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், இந்த வீட்டில் இப்போது சமையல், நர்ஸ், கம்பவுண்டர், தோட்டி எல்லாம் நானே. டின் சாப்பாட்டை வெந்நீர் விட்டு மிக்சியில் அடித்து, வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, கழுத்துக் குழாயில் மெதுவாகத் தள்ளவேண்டும். வேகமாகத் தள்ளினால் வாந்தி. முதல் தடவை நான் தள்ளிய வேகத்தில் கூரையில் கறை விழுந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் தன் வீட்டுத் தரையில் ஈரம் என்று வந்து நின்றார். சரி, வரவில்லை. கறை என் மூக்குக்கண்ணாடியில்தான் விழுந்தது. பார், இப்போதெல்லாம் நானே திருத்திக்கொள்கிறேன்.

தினமும் அவர் காதைக் குத்துகிறேன், என் விரலைக் குத்துகிறேன், ஒரே மீட்டர். இத்தனை காலம் ஊருக்கெல்லாம் காது குத்தியவனுக்கு இந்த வேலை கைவந்த கலையாக இருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். நேற்று என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் ஒரு குழாய் வெச்சிடலாமா?" என்று கேட்டாள். அப்புறம் போய் மூலையில் உட்கார்ந்து, மேனேஜரின் தலையைத் தடவியபடி அழுதாள். நம் வீட்டில் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாமல் போய்விட்டது.

கண் கொஞ்சம் தேவலை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் வந்தால் தலையைத் திருப்புகிறார். முட்டுவது குறைந்திருக்கிறது. மஞ்சள் குறையவில்லை.

வாயருகே வைக்காத பொருள் இல்லை. கோழியை வேகவைத்துப் பஞ்சாகப் பிய்த்து வைத்தேன். மீன் வைத்தேன். குழந்தைகள் சாப்பிடும் கோழி மசியல் ஒரு பாட்டில் வாங்கிவந்து விரலில் தொட்டு வைத்தேன். தரையில் குப்புறப் படுத்து, கிண்ணத்தில் முகத்தை வைத்து, நானே சாப்பிட்டுக் காட்டினேன். உன் அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்தாள். அதைப் பற்றி அவள் தனியாக எழுதுவாள்.

சாப்பிடவில்லை, மருமகளே.

முகர்ந்தார். உதட்டை நக்கினார். அப்புறம் குமட்டி, தலையைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் அதுதான். நேற்றும் அதுதான்.

இதை எழுதுமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "ஒரு கவளம் சாப்பிட்டார்" என்று எழுதினால் போதும். கவருக்கு வேலையில்லை. நீயும் கொஞ்சம் தூங்குவாய். ஒரு கவளம் என்பது என் கணக்கில் பொய்யிலேயே சேராது, அவ்வளவு சின்னது. எழுத முடியவில்லை. பொய் எழுதக் கை வராத நாள் ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மேடையில் "ஒருதரம்" சொன்ன பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பேன். "இரண்டுதரம்" சொன்ன பிறகு இன்னும் மெதுவாகப் பார்ப்பேன், எங்கேயாவது ஒரு கை எழாதா என்று. இப்போது அங்கே நிற்கிறேன். மூன்றாவது தரத்தை என்னால் சொல்ல முடியாது. நீ சொல்லச் சொன்னால் சொல்வேன். ஆனால் கொஞ்சம் பொறு, தாயே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், வயசுக்கு மூத்தவன்.

மாமன்


மார்ச் 15

மாமா,

"சாப்பிடவில்லை"ன்னு நீங்க எழுதின இடத்துல விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி, "என்னடி, நல்ல சேதியா, கெட்ட சேதியா?"ன்னா. ரெண்டும்னு சொன்னேன்.

கெட்ட சேதிதான். ஆனா அந்த நாய்க் கதைக்கு அப்புறம் நீங்க எழுதி, நான் திருப்பிக் கேக்காம நம்பின முதல் வார்த்தை அது.

இங்க இன்னும் பாறை உடையலை. காதை வெச்சா அந்தப் பக்கத்து டிரில் சத்தம் லேசா கேக்குது. எல்லாரும் என் முகத்தைப் பாக்கறாங்க, சரியா வருதான்னு. நான் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன். சரியாத்தான் வருது. ஆனா ராத்திரி கண்ணை மூடினா அவன் சுவத்துல முட்டறதுதான் தெரியுது.

அவனுக்கு வலிக்குதான்னு பாருங்க. தொட்டா முனகறானா, மூலையில போய் ஒடுங்கிக்கறானா, உங்க குரல் கேட்டா வாலை அசைக்கறானா? அதை என்னால இங்கேர்ந்து அளக்க முடியாது. அதனால ஞாயித்துக்கிழமைன்னு நான் வெச்ச கெடுவை எடுத்துடறேன். கவர் உங்ககிட்டயே இருக்கட்டும். குடுக்கணும்னு தோணினா குடுங்க, ஏன்னு கேக்கமாட்டேன். வேண்டாம்னு தோணினா கிழிச்சுடுங்க, அதுக்கும் கேக்கமாட்டேன்.

பயமா இருக்கு மாமா. உங்களை நம்பறதுக்கு இல்லை, வர்ற கடிதத்தைப் பிரிக்கறதுக்கு.

அம்மா எழுதியிருந்தா. கிண்ணத்துல முகத்தை வெச்சுக்கிட்டு, சாயங்காலம் முழுக்க அப்படியே கிடந்தீங்களாமே. எழுந்திரிங்க. சட்டையை மாத்துங்க.

— உங்க மருமகள்


மார்ச் 18

மலையைக் குடைந்து மறுபக்கம் கண்ட மாவீராங்கனைக்கு (காணாவிட்டாலும் காணப்போகிறாய், உன் கணக்கை நான் அறிவேன்),

சனிக்கிழமை காலை நடந்ததைக் கேள். உட்கார்ந்து கேள். பக்கத்துக் கட்டில்காரியையும் பிடித்துக்கொள்ளச் சொல்.

அன்று விடிந்ததும் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆமாம், சட்டை மாற்றிவிட்டேன். முந்தின நாள் முழுக்க மேனேஜர் மூலையிலிருந்து தலை தூக்கவில்லை. நான் கூப்பிட்டும் வாலை அசைக்கவில்லை. கூடையில் துணி விரித்தேன். மேனேஜர் அவர்களே, புறப்படலாமா என்று கேட்டேன். அப்போது மேனேஜர் எழுந்து நின்று, கழுத்துக் குழாயை டை போலச் சரிசெய்துகொண்டு, "என்னய்யா இது, மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது?" என்று கேட்டார். ஏழு தெருப் பூனைகள் ஜன்னலில் வந்து குவிந்தன. மேனேஜர் வாஷிங் மிஷின் மேல் ஏறி நின்று, சர்க்கரை வியாதியும் பூனை சமுதாயமும் என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றினார். கைதட்டலில் மாடி வீட்டுக்காரர் மறுபடியும் பூகம்பம் என்று ஓடினார், இந்தத் தடவை அவசரத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு. வீடு மாறிய நாய் திரும்பி வந்து மேனேஜர் காலில் விழுந்தது. பிறகு அவர் கோழி ஒன்று, மீன் ஒரு கூடை, டாக்டரம்மாவின் கையுறை ஒரு ஜோடி ஆகியவற்றை உண்டு, ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தில்தான் உன் பாறை உடைந்தது. உன் மிஷின் உடைத்தது என்று நீ நினைத்தால் நான் தடுக்கவில்லை.

இதெல்லாம் பொய், மருமகளே. டை பொய், சொற்பொழிவு பொய், நாய் ஆதியிலிருந்தே பொய், பக்கத்து வீட்டில் நாயே கிடையாது. கவரைக் கொடுக்கக் கிளம்பியது பொய்யில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை, நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. ரொம்பச் சின்னது. மேடையில் வைத்து ஏலம் விட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கூடையைத் தூக்குமுன் பழக்கதோஷத்தில் கிண்ணத்தில் கொஞ்சம் கோழியை வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பி, தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம். குழாயை மூடினேன். மறுபடியும் அதே சத்தம், ஈரமாக, மென்மையாக. நான் திரும்பவில்லை, திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று பயம். சுவரைப் பார்த்தபடியே நின்றேன். சத்தம் நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். மூன்று வாய் எடுத்திருப்பார். அதிலும் ஒன்று கீழே கிடந்தது.

ஆகவே இரண்டு.